முறத்தில் வைத்த இறால்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. மழை வருமா என்று கேட்டால் போனைத் தடவுகிறார்கள். மாட்டுக்குக் காய்ச்சலா என்றாலும் போன்தான். மாடு எதிரிலேயே நிற்கிறது, அதன் காதைத் தொட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் கை நீளமாட்டேன் என்கிறது. தசரதனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை நாளுக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆடிமாதக் காலையில் போன் சொன்னது மழையையும் மாட்டையும் பற்றியல்ல. மருமகள் சரிதாவின் குட்டையில் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்று சொல்லிவிட்டது.

அக்கம்பக்கத்து மலையூர்களில் இறால் வளர்க்கிறவள் அவள் ஒருத்திதான். சாமை விதைத்த நிலத்தில் குட்டை வெட்டி, தார்ப்பாய் விரித்து, ஓடைத் தண்ணீரை நிரப்பினாள். குஞ்சுகளைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினாள். புருஷன் திருப்பூரில் வேலையாக இருக்க, நாலு மாதமாகத் தீனி போட்டு வளர்த்தது அவள்தான். இன்னும் இரண்டு மாதம் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு சாண் வரும். இன்று பிடித்தால் விரல் நீளம்தான், விலைபோகாது. ஆனால் நோய் வந்துவிட்டால் மூன்று நாளில் குட்டை முழுக்கச் செத்து மிதக்குமாம். அதனால் ஒடுகத்தூரிலிருந்து மத்தியானத்துக்குள் வேனையும் வலையையும் வரச்சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் போன் வித்தையைக் கொண்டுவந்தவன் ஆலங்காயத்திலிருந்து வரும் கம்பெனி ஆள் நவீன்குமார். இறாலைப் படம் பிடித்தால் போதும், ஏஐ பார்த்து நோயைச் சொல்லிவிடும், லட்சக்கணக்கான இறால் படத்தைப் பார்த்துப் படித்தது என்று அதைக் கொண்டுவந்த அன்றைக்கு அளந்தான்.

"நம்ம மல இறாலைப் பாத்துகீதா அது?" என்று கேட்டார் தசரதன்.

"இறால்னா எல்லாம் ஒண்ணுதானே பெரியவரே."

"அப்ப உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணா?"

நவீன்குமார் சிரித்துவிட்டு பைக்கை எடுத்தான்.

சரிதா படம் பிடித்த ஐந்து இறால்களின் அருகே தசரதன் குந்தினார். காலையில் அவற்றைக் குட்டையிலிருந்து எடுத்து வைத்தவர் அவர்தான். சரிதா பால் கறக்கப் போகும்போது, ஐந்தை எடுத்து ஒரு தட்டில் பரப்பி வையுங்கள் மாமா, வந்து படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது. காப்பு அவிழும்வரை கவுச்சி வீட்டுப் பாத்திரத்தில் படக்கூடாது. ஆகவே மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஓட்டை முறத்தை எடுத்து, அதில் பரப்பிவைத்தார்.

இப்போது அவை செத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து முதுகில் இருந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். புள்ளி நகத்தோடு வந்துவிட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தார். அறுபது வருஷம் சாமை புடைத்த கைக்கு அது தெரியாதா? உமி. முறத்தில் மாட்டுக்குக் கொட்டிய தவிட்டின் மிச்சம்.

சொல்வதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. உமிக்கு அடியில் நிஜமாகவே நோயும் இருந்துவிட்டால்? கிழவன் பேச்சைக் கேட்டுக் குட்டை அழிந்தது என்றல்லவா ஆகும்? ஆனால் வேன் வந்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லியும் பிரயோசனமில்லை.

"சரிதா, வேனை நிறுத்தும்மா. அது நோயில்ல, சாமை உமி."

அவள் எழுந்து வந்தாள். முறத்தைப் பார்த்தாள்.

"தட்டுல வைக்கச் சொன்னேனே மாமா."

"காப்புக் கட்டின வூட்ல கவுச்சியத் தட்டுல வைப்பாங்களா?"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. குட்டையின் நாலு மூலையிலிருந்தும் புதிதாகப் பிடித்து, கழுவி, தேக்கிலைமேல் வைத்துப் படம் எடுத்தாள். நோய் இல்லையென்றால் போன் பச்சை காட்டும். பச்சை. மறுபடி எடுத்தாள். பச்சைதான். நவீன்குமாரைக் கூப்பிட்டாள், ஏஐ மேல் தப்பில்லை, முறத்தின் மேல்தான் தப்பு என்று அவன் சொன்னானாம். வேனைத் திரும்பிப் போகச் சொன்னபிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"போன் சரியாத்தான் சொல்லுது மாமா. நீங்கதான் அதை ஏமாத்திட்டீங்க."

தசரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பைக் கண்டுபிடித்தது அவர் நகம். நல்ல பேர் போனுக்கு.

அப்போதுதான் ஓரத்தில் ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு இறால் சாய்ந்து கிடந்தது. குச்சியால் தொட்டார். துள்ளவில்லை, மெல்லக் காலை அசைத்தது. கையில் எடுத்துச் சரிதாவிடம் காட்டினார். அவள் அதையும் கழுவிப் படம் எடுத்தாள்.

"பச்சை மாமா. சட்டை உரிக்கிற நேரமா இருக்கும், அப்ப சோர்ந்துதான் கிடக்கும்னு கம்பெனிக்காரரு சொல்லிகீறாரு."

சட்டை உரிப்பதை அவரும் பார்த்திருக்கிறார். உரித்த இறால் விரலுக்கு மெத்தென்று அமுங்கும். இதன் ஓடு கெட்டியாக இருந்தது. ஒருவேளை இனிமேல்தான் உரிக்கப் போகிறதோ? நாலு மாத இறாலைப் பற்றி அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

"உமியப் பாத்து நோயின்னுச்சு. சாவக் கெடக்கறதப் பாத்து நல்லாகீதுங்குது" என்றார்.

"ஒண்ணுதானே மாமா. நாளைக்குப் பார்க்கலாம்."

அவர் அதைத் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் விட்டு, காக்கை கொத்தாமல் அந்த முறத்தாலேயே மூடினார். முறத்தின் ஓட்டை வழியே பார்த்தார். அது அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. பின்னால் சரிதா தீனிப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பச்சையாம் பச்சை என்று முனகியபடி மாட்டை அவிழ்க்க மேட்டில் ஏறிப் போனார்.