மோகனத்தில் இல்லாத நிஷாதம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் ஒரு பல் டாக்டரின் முன் அறையில், வீங்கிய கன்னத்தோடு பெரியநாயகி என்பவர் எனக்குச் சொன்னது. அவர் கணவர் தெட்சிணாமூர்த்தி. எழுபதுகளின் கடைசியில் ‘தெட்சிணா – நூகு’ என்ற பெயரில் ஆறு படங்களுக்கு இசையமைத்த இருவரில் ஒருவர். பல்வலியில் அந்த அம்மாள் பாதிக் கதையைத்தான் சொன்னார். மீதியை நானே செய்துகொண்டேன்.

‘அரசலாற்றின் மேல் அந்திச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை…’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அவர்கள் வேலை செய்தது காலை பத்து மணிக்கு, நூகு வீட்டு முன் அறையில், கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே.

2

தெட்சிணா குரும்பகரத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஓதுவாரிடம் தேவாரம் படித்து, அங்கிருந்து கச்சேரிக்கு நகர்ந்தவர். ராகத்தை விட்டு ஓர் அடி விலகினால் அவருக்குப் பொறுக்காது. நூகு வியட்நாமில், சைகோன் நகரத்து ஓட்டல் பேண்டில் பதினெட்டு வருடம் வாசித்துவிட்டு, எழுபத்தைந்தில் ஒரு பெட்டித் துணியோடும், தோளில் மாட்டி வாசிக்கும் ஓர் அக்கார்டியனோடும் ஊர் திரும்பியவர். அவருக்கு ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. [இது மிகை. இரண்டு மூன்று தெரிந்திருக்கும். கதைக்கு இப்படி இருந்தால்தான் எடுப்பு.]

தெட்சிணா மெட்டைப் பாடுவார். நூகு அதை அக்கார்டியனில் திருப்பி வாசித்து, “தம்பி பாடுனது இதானே?” என்பார். “அதேதான் பாய்” என்பார் இவர். உடனே நூகு மேல்நாட்டு முறையில் தாளில் எழுதிக்கொள்வார். அந்தக் கோடும் புள்ளியும் தெட்சிணாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கும் அவசியமும் வரவில்லை.

3

ஒரு படகுப் பாட்டு அவர்களைத் தூக்கிவிட்டது. மோகன ராகத்தில் போட்டது. மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரங்கள், நிஷாதம், அதாவது ‘நி’, கிடையாது. ஆனால் அந்தப் பாட்டின் மூன்றாவது வரியில் மட்டும் ஒரு நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கோட்டுச்சேரிமேட்டில் வலை காயப்போடுகிறவர்கள் முதல் அம்பகரத்தூர் பஸ் கண்டக்டர் வரை முணுமுணுத்தது அந்த ஒரு வரியைத்தான்.

எண்பத்து மூன்றில் கைலாசநாதன் என்ற சென்னைத் தயாரிப்பாளர் கேட்டார். “அந்த எடத்த யோசிச்சது யாருங்க?”

“நான்தாங்க. ராகத்த மீறுறதுக்கு ஒரு துணிச்சல் வேணும்ல? பாய் எழுதிக் குடுப்பாங்க, அவ்வளவுதான்.”

தெட்சிணா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். கைலாசநாதனின் அடுத்த பட விளம்பரத்தில் ‘இசை: தெட்சிணாமூர்த்தி’ என்று ஒற்றைப் பெயர் வந்தது. நூகுவிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது.

4

சென்னை லாட்ஜில் உட்கார்ந்து நாலைந்து மெட்டுப் போட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. பழைய சூடு வரட்டும் என்று, படகுப் பாட்டு உருவான அன்று உதவி இயக்குநர் பதிவு செய்திருந்த கேசட்டைப் போட்டார். அவருடைய குரல் மூன்றாவது வரியைப் பாடியது. சுத்த மோகனம். பிறகு அக்கார்டியன் அதே வரியை வாசித்தது, நிஷாதத்தோடு. “தம்பி பாடுனது இதானே?” என்றது நூகுவின் குரல். ஒரு நொடிகூட யோசிக்காமல் இவர் குரல், “அதேதான் பாய்.”

நான்கு தடவை சுற்றிச் சுற்றிக் கேட்டார். கேசட்டில் இருந்த மற்ற மெட்டுகளிலும் இதே கதைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு என்ற பயம் வேறு.

[‘திருத்தினேன்’ என்று நூகு ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? மரியாதையா, தந்திரமா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. பெரியநாயகியைக் கேட்டேன். “அவங்க கொணம் அது. நம்ம வீட்ல சாப்புடுறப்ப கொழம்புல உப்பு இல்லன்னா தானே போட்டுக்குவாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க” என்றார். கையோடு முதல் மூன்று பகுதிகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நான் சொன்னது அப்படியே இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். மின்விசிறியை அவர் சொல்லவே இல்லை. நான் மாட்டியது. நானும் வாயைத் திறக்கவில்லை.]

5

புதன்கிழமை மதியம் தெட்சிணா காரைக்காலில் வந்து இறங்கினார். கதவைத் திறந்தவர் நூகுவின் மனைவி மஹ்பூபா.

“வாங்க தம்பி. பேப்பர்ல பாத்தோம்” என்றார். உடனே டீ போடப் போய்விட்டார்.

நூகு முகம் கோணவில்லை. “புதுப் படத்துக்கு என்ன போட்டிருக்கீங்க? பாடுங்க, கேப்போம்.”

மன்னிப்புக் கேட்க வந்த மனுஷன், பாடச் சொன்னதும் பாடிவிட்டார். நூகு அக்கார்டியனை மாட்டிக்கொண்டு திருப்பி வாசித்தார். ஒரு ஸ்வரம் மாறவில்லை. பாடியது பாடியபடியே வந்தது. அது எவ்வளவு சப்பையான மெட்டு என்று அப்போதுதான் தெட்சிணாவுக்குக் கேட்டது.

“நல்லா இல்லியே பாய்.”

“ஒங்க பேருல வர்ற பாட்டு தம்பி. அதுல நான் எப்புடி கை வைக்கிறது?”

6

இதற்கு மேல் பெரியநாயகிக்குத் தெரியாது. அதற்கப்புறம் நடந்த எதையும் தெட்சிணா வீட்டுக்கு வந்து சொல்லவில்லையாம். அந்தப் படமும் பாதியில் நின்றுபோனது. அதனால் திரையில் யார் பெயர் வந்திருக்கும் என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை.

நூகு சிரித்து, தோளில் தட்டி, எல்லாவற்றையும் மறந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அது அவரை மலிவாக்கியது, கிழித்துவிட்டேன். அப்புறம் இப்படி எழுதினேன்:

“பாய், கைலாசநாதன்கிட்ட நான்…”

அந்த வாக்கியத்தை முடிக்க ஏழு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தெட்சிணா நழுவி, சென்னை வெயிலைப் பற்றியோ பஸ் கூட்டத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுகிறார். மன்னிப்பை நேராகக் கேட்கிற ஆளை என்னால் எழுத முடியவில்லை. எனக்கே அது வராது. உங்களுக்கு வருமென்றால் நீங்கள் முடித்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நூகு இன்னும் அக்கார்டியனைத் தோளிலிருந்து இறக்கவில்லை.