கிட்டாருக்குப் பூசிய இடியப்ப மா

ஸ்ரீஸ்கந்தராசா தன் கிட்டாரின் மரத்துளைகளை அடைத்த செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஒழுங்கையில் இருந்த துளைகள் எல்லாம் அடைபட்டன. பின்னேரம் நாலு மணியளவில் முதலில் போனது இரண்டாம் மாடி யதுஷாவின் காது. குளிக்கப் போகுமுன் தோட்டைக் கழற்றி வைத்தவள் திரும்பி வந்து பார்த்தால், காதுமடல் பிறந்த பிள்ளையுடையதைப்போல வழுவழுவென்று இருந்தது. பிறகு ஊசிகளின் காதுகள் போயின. சட்டைகளின் பொத்தான் துளைகள் வெறும் தையல் கோடுகளாயின, அரிதட்டுகள் தட்டுகளாயின. ஷிராஸின் சாப்பாட்டுக் கடையில் உளுந்து வடைகள் நடுவில் ஓட்டையில்லாமல் எண்ணெயிலிருந்து எழும்பின. மூக்குத் துவாரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நடந்த காரியத்தில் ஓரளவு நிதானம் இருந்தது. ஒழுங்கை முகப்பில் பதினொரு வருடமாகக் கிடந்த குழி பீங்கான்போல நிரவியிருந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய விபத்துகளைச் சந்தேகித்து ஓய்வு பெற்றவர். காரை விற்று, கார் நின்ற இடத்தில் மேசை போட்டு, யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லச் சொல்லப் பதினாலு மாதமாக மஹோகனியில் அந்தக் கிட்டாரைச் செய்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அது ஒரு குறை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி மட்டும்தான். அவரும் நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் சொன்னதில்லை. ஜெகதீஸ்வரிக்கு அதற்கு நேரமில்லை. விடிய முதல் நானூறு இடியப்பம் பிழிந்து ஷிராஸின் கடைக்கு அனுப்புவது அவருடைய தொழில். அந்த வீடு ஓடியது அவர் இடியப்பம் பிழியும் உரலின் துளைகள் வழியாகத்தான்.

கிட்டாருக்கு லெக்கர் என்ற மினுக்குப் பூச்சு அடிக்க ஒப்புக்கொண்டவர் பாமன்கடையில் முச்சக்கர வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் புவாத். அவர் கிட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த மரத்துல பொடிப் பொடி ஓட்ட நெறைய ஈக்கிது. அடைக்காம அடிச்சா மூஞ்செல்லாம் அம்மத் தழும்பு மாதிரி வரும். பொறகு என்னைய ஏசப்படா" என்றார். கடையில் வாங்கிய அடைப்புப் பசை காய்ந்ததும் சீமெந்து நிறத்தில் நின்றது. ஜெகதீஸ்வரி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவர் மூன்று தரம் அரித்து வைத்திருந்த வறுத்த சிவப்பரிசி மாவில் ஒரு கைப்பிடியை ஸ்ரீஸ்கந்தராசா எடுத்தார், பசையில் குழைத்தார், காலாவதியான வங்கி அட்டையால் மரவரிக்குக் குறுக்கே இழுத்துப் பூசினார். காய்ந்தபின் சாண்ட் பேப்பர் போட்டார். கிட்டார் கண்ணாடிபோல வந்தது. பதினாலு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

புதன் விடிய ஜெகதீஸ்வரி உரலை அமத்தினார். ஒன்றும் இறங்கவில்லை. அடியைத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த நாணயம்போல மொழுமொழுவென்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, என்ரை மாவிலை கை வைச்சனீங்களோ?"

"ஒரு பிடிதான் எடுத்தனான். நிறம் அப்பிடியே பொருந்திப் போச்சுது."

"உங்கடை நிறம் பொருந்தினது. என்ரை உரல் செத்துப் போச்சுது."

மா விஷயம் பரவி, அன்று மத்தியானமே ஒழுங்கை இரண்டாகப் பிரிந்தது. லெக்கருக்குக் கீழே போனது திரும்பி வராது, ஆகவே லெக்கர் அடித்தால் துளைகள் நிரந்தரமாகவே போய்விடும் என்பதில் மட்டும் இரு பகுதியும் ஒன்றுபட்டன. அதை முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. முச்சக்கர வண்டிக்காரரும் குழியில் குலுங்கி நாரிப்பிடிப்பு வந்தவர்களும் குழிக் கட்சி: உடனே அடிக்க வேண்டும். யதுஷாவும் தையல்காரி பஸீஹாவும் காதுக் கட்சி: மாவைச் சுரண்ட வேண்டும். ஷிராஸ் வடை விஷயத்தில் நடுநிலை வகித்தார். இடியப்ப விஷயத்தில் வகிக்கவில்லை. "அக்கா, வெள்ளிக்கெழமையும் இல்லாட்டி நான் கொட்டாஞ்சேனை ஆளுக்கிட்ட எடுக்கத்தான் வேணும். ஒரு தரம் மாறினா மாறினதுதான், பொறகு கோவிக்கப்படாது."

கடற்காற்றின் ஈரத்தில் லெக்கர் வெளிறிப் பால்போலாகிவிடும் என்பதால் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் அடிக்கலாம். வியாழன் பதினொன்றுக்கு புவாத் கொம்பிரசரைப் பொருத்தினார். ஸ்ரீஸ்கந்தராசா கிட்டாரைக் கம்பியில் தொங்கவிட்டார். நாற்பது பேர் வேலையில்லாததுபோல நின்றார்கள். ஜெகதீஸ்வரி இறங்கி வந்து, இடியப்ப உரலைக் கயிற்றில் கட்டி, கிட்டாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

"தம்பி, இதுக்கும் சேர்த்து அடியுங்கோ. இனி இதுக்கு வேறை வேலையில்லை, பளபளப்பாவது இருக்கட்டும்."

புவாத் லெக்கர் விசிறும் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஸ்ரீஸ்கந்தராசா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிட்டாரை இறக்கி, பழைய பல் தூரிகையும் சுடுதண்ணீரும் கேட்டார்.

ஒவ்வொரு வரியாக மா கரைந்து வந்தது. ஜெகதீஸ்வரி உரலை வெளிச்சத்துக்குப் பிடித்து, பரீட்சை மேற்பார்வையாளர்போல அறிவித்துக்கொண்டிருந்தார். "ஓம், ஓரம் திறந்திட்டுது... இன்னும் ஆறு இருக்கு." அந்த ஆறும் கிட்டாரின் கழுத்துப் பொருந்தும் மூலையில் அகப்பட்டன. கடைசித் துளை திறந்த கணத்தில் முகப்பில் ஒரு முச்சக்கர வண்டியின் முன்சில்லு குழிக்குள் இறங்கியது; உள்ளே இருந்தவர் ஏசிய ஏச்சை எழுத முடியாது. யதுஷா தோட்டைப் போட்டாள். வெள்ளி விடிய நானூறு இடியப்பம் போனது.

மரம் காய்ந்து, அடுத்த கிழமை புவாத் திறந்த துளைகளின்மேலேயே எட்டுப் பூச்சு லெக்கர் அடித்தார். கிட்டார் அம்மைத் தழும்போடு மின்னியது. "நல்லாத்தான் இருக்கு," என்றார் ஜெகதீஸ்வரி, "உங்கடை முகத்தைப்போல." ஸ்ரீஸ்கந்தராசா இப்போது கிட்டார் பழகுகிறார். குழி திரும்பி வந்த ஒழுங்கைக்காரருக்கு, காதையும் அடைக்கவேண்டி வந்த இது இரண்டாவது நட்டம்.

ஒழுங்கைக்குக் கல்யாணக் கார் வரவேண்டிய வீட்டார் குழியை ஒரு நாளைக்கு அடைத்துத் தரச்சொல்லி இப்போது ஜெகதீஸ்வரியிடம் வந்து கேட்கிறார்கள். அவர் பூரணை விடுமுறையான போயா நாளைத்தான் கொடுப்பார். அன்று ஷிராஸ் இடியப்பம் எடுப்பதில்லை. மிஞ்சிய மஹோகனிப் பலகையில் அவரே அளந்து தரும் ஒரு கரண்டி மாவைக் கணவர் காலையில் பூசுவார், பொழுதுபட முதல் கழுவுவார். முதல்நாளே லிப்டுக்குள் அறிவித்தல் ஒட்டப்படும்: தோடு கழற்ற வேண்டாம், ஊசியில் நூல் கோத்து வைக்கவும், பொத்தானைப் பூட்டியபடி இருக்கவும். மணமக்கள் குலுங்காமல் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கு ஷிராஸின் வடையில் ஓட்டை இருக்காது, விலை அதேதான்.