ஒன்றாம் எண்ணுக்கு ஓர் அழைப்பு

தந்தையின் சட்டைப்பைக்குள் கையை விட முரளிக்கு இருமுறை மனம் துணியவில்லை. மூன்றாம் முறை துணிந்தது. விரல்கள் வாக்கி டாக்கியைப் பற்றிய அதே கணத்தில் பின்னாலிருந்து சித்தப்பா துளசிராமனின் குரல் இடியாய் விழுந்தது.

"டேய், இன்னாடா பண்ற? பொணத்து பாக்கெட்ல கைய வுடுற?"

"செட்ட எடுக்கறேன் சித்தப்பா. நைனா செட்ல மட்டுந்தான் எல்லாம் சரியா கீது. இத வச்சுத்தான் மத்த செட்ட ரெடி பண்ணணும்."

"செத்தும் இந்த சனியன் நம்மள வுடல பாரு!"

மணவாளனார் நெற்றியில் திருமண் துலங்க, சாமந்தி மாலை சூடி, கூடத்து மரப்பெஞ்சின்மேல் அறிதுயில் கொண்டவர் போலக் கிடந்தார். காலையில் நீராட்டிப் புதுச்சட்டை அணிவித்தபின், மனைவி சம்பூர்ணம் தன் கையாலேயே அந்தக் கருவியை அவர் பையில் செருகியிருந்தாள். நெஞ்சின்மேல் அதன் கறுப்பு ஏரியல், மாலையைப் பிளந்துகொண்டு விட்டத்தை நோக்கி நிமிர்ந்து நின்றது. ஒப்பாரிக்கு வந்த மாதர், மார்பில் அறைந்துகொள்ளும் இடைவெளியில் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டனர்.

வெளியே மழை கொட்டியது. ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. பத்து மணிக்குச் செல்போன் கோபுரமும் உயிர்விட்டது. மின்சாரம் இன்றிக் குளிர்பெட்டி இயங்காது. ஒன்றரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் உடலை எடுத்தே தீரவேண்டும் என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. முரளியின் தமக்கை பிரேமாவோ இன்னும் வந்து சேரவில்லை. செவ்வாப்பேட்டையிலிருந்து விடியலிலேயே புறப்பட்டவள், "பேசின் பிரிட்ஜ்ல வண்டி நிக்குதுடா, நான் வராம தூக்கிடாதீங்கடா" என்று சொன்னதுதான் போனில் வந்த கடைசிச் சொல். தந்தை முகத்தை அவள் ஒருமுறை பார்க்கவேண்டும். முரளிக்கு அன்றைக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

"மீனுக்குப் போடற ஐஸ் கட்டி ரெண்டு பாராவது வாங்கியாறட்டுமா சித்தப்பா? ரயில் கேட்டுக்கு அந்தாண்ட, பழவேற்காட்டு வண்டி ஏத்தற எடத்துல கெடைக்கும்."

"எங்கண்ணன் இன்னா வஞ்சிரமாடா? வாய மூடு."

முரளி வாயை மூடிக்கொண்டு கம்பியை எடுத்தான். ஒரு வாக்கி டாக்கியில் உள்ள அமைப்புகளை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கம்பி அது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் எஃகு ஆலையில் முப்பத்தோராண்டு வாக்கி டாக்கிகளைக் காத்தவர் மணவாளனார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒருவன் பேசினால் நாற்பது பேர் கேட்டனர். மேலாளர் ஒருவனை ஏசினால் அந்த வசை உலைக்களம், எடைமேடை, காவல்வாயில் எங்கும் ஒலித்து, மாலைக்குள் அவன் மனைவியின் செவியையும் எட்டிவிடும். மணவாளனார் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுத்தார். அன்றுமுதல் தன் எண்ணை விளித்தால் மட்டுமே கருவி வாய் திறந்தது. மற்றவை காற்றில் எத்தனை சொல் பறந்தாலும் முனிவரைப்போல் மௌனம் காத்தன. வசை உரியவனுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. தொழிலாளர் அவருக்கு மாலையிட்டு, குடும்பங்களைக் காத்தவர் என்று மேடையில் வாழ்த்தினர்.

ஓய்வுபெற்றபின், ஆலை கழித்த பழைய கருவிகளில் ஐந்தை வாங்கி வந்தார். மாடியறையில் அவருடையது ஒன்றாம் எண்; அடுக்களையில் சம்பூர்ணத்துடையது இரண்டு. காபி வேண்டுமெனில் அவர் இரண்டுக்குப் 'பேஜ்' அடிப்பார். பதில் பொத்தானை அழுத்தும்வரை பத்து நொடிக்கு ஒருமுறை அது கூவும். சோறு ஆயிற்று என்றால் அவள் ஒன்றுக்கு அடிப்பாள். அவர் இறங்கி வருவார். அதில் அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. "இருக்கற ஊட்ல இன்னா டெலிபோனு? மானக்கேடு" என்பாள். இன்று காலை ஐந்தரைக்கு அடித்தாள். மாடியில் கூவியது, கூவிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பொறுத்து அவளே படியேறிப் போனாள்.

தந்தையின் கருவியிலிருந்து மூன்று கருவிகளுக்கு முரளி நகலெடுத்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் காகிதம் ஒட்டி மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதினான். தந்தை பல மணி நேரம் குனிந்து செய்யும் வேலை அரைமணியில் முடிந்ததில், துயரத்தின் நடுவிலும் ஒரு சின்னச் செருக்கு அவனுள் தலைகாட்டியது.

மூன்றாவது, தந்தையின் ஆலையில் கிரேன் ஓட்டிய ஜெரால்டுக்கு. லோடு ஆட்டோவில் அவர் ரயில் நிலையம் போய்ப் பிரேமாவை அழைத்து வரவேண்டும்.

"அண்ணே, நீங்களா எதையும் அமுக்காதீங்க. நான் கூப்டுவேன், அது கூவும், அப்போ மட்டும் அமுக்குங்க. நாம பேசறது சித்தப்பாவுக்குக் கேக்காது."

"உங்கப்பன் முப்பது வருசமா இதையேதான் சொன்னான் தம்பி. நானும் அமுக்கிக்கினே இருந்தேன். இன்னிக்கி ஒரு நாளு அவன் பேச்ச கேக்கறேன்."

ஐந்தாவது, ஏரிக்கரைச் சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் கங்கம்மாவுக்குப் போயிற்று. நான்காவதைச் சித்தப்பா கேட்டே வாங்கி, வாளைச் செருகுவதுபோல் இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்றாம் எண்ணை முரளி தன்னிடம் வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டேகாலுக்கு அவன் கொல்லைப்புறம் ஒதுங்கி மூன்றை அழைத்தான். மறுமொழி இல்லை. மறுபடி அழைத்தான், மழையோசை மட்டும். ஐந்தை அழைத்தான்; கங்கம்மாவும் பேசவில்லை. சோதித்துப் பார்க்கக் கூடத்துக்கு வந்து, சித்தப்பாவின் பின்னால் நின்றுகொண்டு நான்கை அழைத்தான். மூன்றடி தூரத்தில், அவர் இடுப்பில், அது கல்லாய்க் கிடந்தது.

"இன்னாடா முதுகுக்குப் பின்னால முணுமுணுக்கிற?"

"வேலை செய்யல சித்தப்பா."

"நான் அப்பவே சொல்லல? இதுக்கு ஒரு செங்கல்ல சொருவிக்கினு இருந்திருப்பேன், கனமாவது கம்மியா இருந்திருக்கும்."

மணி பன்னிரண்டே முக்கால். வாய்க்கரிசி முடிந்தது. பாடை தயாராகித் தார்ப்பாயின் கீழ் காத்திருந்தது. முரளி சித்தப்பாவின் கையைப் பிடித்தான்.

"அக்கா வந்துடும் சித்தப்பா. கொஞ்சம் பொறுங்க."

"எவ்ளோ நேரம்டா பொறுக்கறது? அவ எங்க கீறான்னே தெரியல." குரல் சட்டென்று தாழ்ந்தது. "காத்தால அஞ்சரை மணியிலர்ந்து கெடக்கறார்டா. புழுக்கத்த பாரு. நாலு பேரு மூக்க மூடற மாதிரி எங்கண்ணன் போவக்கூடாது. மானமா போவணும். அவ அழுவா. அழட்டும், நான் கால்ல வுழறேன்."

அவர் கண்கள் சிவந்திருந்ததை முரளி அப்போதுதான் கண்டான்.

"தூக்குங்கப்பா," என்றார் சித்தப்பா.

நால்வர் குனிந்தனர். ஒப்பாரி உச்சத்துக்கு ஏறியது. தலைமாட்டில் அமர்ந்திருந்த சம்பூர்ணம் மட்டும், காலைமுதல் ஒரு துளி கண்ணீரும் சிந்தாதவள், சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மணி ஒன்று. மடியிலிருந்து தன் கருவியை எடுத்தாள். பழகிய கட்டைவிரல் பழகிய பொத்தானை அழுத்தியது.

முரளியின் கையில் இருந்தது கூவியது.

சித்தப்பாவின் இடுப்பும் கூவியது. அவர் தேள் கொட்டியவர்போல் துள்ளியதில் மரப்பெஞ்சு அரையடி நகர்ந்தது. தூக்க வந்த நால்வரும் பிணத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தனர். ஒப்பாரி பாதி அடியில் அறுந்து நின்றது.

"ஐயோ! இன்னாடா இது, என்னை கூப்டுது!" எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினார். உடனே அவர் இடுப்பிலிருந்து ஒரு பெண்குரல் முழங்கியது.

"யாருப்பா அது? கட்ட நனையுது, எப்போ வர்றீங்க? ரெண்டு மணி நேரமா நான் ஒண்டியா குந்திக்கினு கீறேன், ஒருத்தனும் கூப்டல!"

"கங்கம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு," என்று இன்னொரு குரல் குறுக்கிட்டது. "அண்ணி, நான் ஜெரால்டு. செட்டு கூவுச்சு, அமுக்கிட்டேன். பிரேமா ஏங்கூடத்தான் கீது. கேட்டு போட்டுக் கீறான், குட்ஸு வண்டி குறுக்க நிக்குது. ஒரு மணி நேரமா நிக்கறோம். முரளி கூப்டாம எதையும் அமுக்காதன்னு சொல்ட்டான், அதனாலதான் அமுக்கல!"

அதன்பின் கரகரப்பு, அதன்பின், எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில், பிரேமாவின் அழுகுரல்.

"சித்தப்பா... தூக்கிட்டீங்களா சித்தப்பா?"

கூடமே சித்தப்பாவைப் பார்த்தது. அவர் கருவியை இடுப்பிலிருந்து உருவி, வாய்க்கருகே கொண்டுபோய், தலைகீழாகப் பிடித்திருப்பதை உணர்ந்து திருப்பினார்.

"இல்லம்மா. இங்கதான் கீறார். யாரு தூக்கறது, நீ வராம?"

"ராகுகாலம் வந்துடுமே சித்தப்பா..."

"வந்துட்டு போவட்டும். மூணு மணிக்கு ராகு போய்டுவாரு, அப்பறம் நாம போலாம்." சற்றே தயங்கி, முரளிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ஜெரால்டு. நீ நிக்கற பக்கம் மீன் ஐஸு கெடைக்கும்ல? நாலு பாரு ஏத்திக்கோ. நல்ல ஐஸா பாத்து ஏத்து, நாறாம."

நால்வரும் கையை உதறிக்கொண்டு தேநீர் தேடிப் போயினர்.

முரளி நான்காம் கருவியை வாங்கிக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, அதன் எண்ணைத் திரையில் வரவழைத்துப் பார்த்தான். நகலெடுத்தபோது மற்ற அமைப்புகளோடு தந்தையின் எண்ணையும் சேர்த்தே எடுத்திருக்கிறான். காகிதத்தில் மூன்று, நான்கு, ஐந்து. உள்ளேயோ மூன்றுக்கும் எண் ஒன்று. அவன் தனித்தனியாய் விளித்த எண்களுக்கு உலகில் கருவியே இல்லை. ரயில் கேட்டிலும், ஏரிக்கரையிலும், சித்தப்பாவின் இடுப்பிலும், மகன் கையிலும், விளித்த இடமெல்லாம் எழுந்தருளும் பெருமாளைப்போல் மணவாளனாரே இருந்திருக்கிறார்.

"அண்ணி," சித்தப்பா மெல்லக் கேட்டார், "நீ இன்னாத்துக்கு அத அமுக்குன?"

"மணி ஒன்னாச்சே," என்றாள் சம்பூர்ணம். "சாப்பாட்டு நேரம்."



பிரேமா இரண்டேகாலுக்கு வந்தாள். லோடு ஆட்டோவின் பின்னால், ஐஸ் பாரின்மேல் சாக்கு விரித்து அமர்ந்து, நனைந்து, நடுங்கி வந்தாள். அவள் அழுது முடித்தபின், மூன்று மணிக்குமேல், லேசான மீன்வாடையோடும் குறையாத மானத்தோடும் மணவாளனார் புறப்பட்டார். ஏரிக்கரையில் கங்கம்மா அன்று நாள்முழுதும் சேர்த்துவைத்த வசையைச் சித்தப்பாவிடம் நேரில் சேர்ப்பித்தாள்.

ஆறு மணிக்கு மழை விட்டு மின்சாரம் வந்தது. சாவுவீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்று ஜெரால்டின் மனைவி பிளாஸ்கில் காபி கொடுத்தனுப்பியிருந்தாள். முரளி தலை துவட்டியபடி மாடியறைக்கு ஏறினான். தந்தையின் மேசைமேல் கருவிகளை வரிசையாக வைத்து, முறைப்படி ஒவ்வொன்றாகத் திருத்தினான். மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து. ஒன்றாம் எண்ணில் கைவைக்காமல் அதை அதன் சார்ஜரில் நிறுத்தினான்.

அது கூவியது.

சிறிய திரையில் இரண்டு என்று எழுந்தது. பதில் பொத்தானின்மேல் வைத்த கட்டைவிரலை முரளி எடுத்துக்கொண்டான். பத்து நொடி கழித்து மீண்டும் கூவியது. கீழே அடுக்களையில், ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குக் காபி ஆற்றும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.