கிரெசென்ஸுக்கு அடிக்காத மணி

கோவில் மணிக் கயிற்றைக் கொக்கியில் கட்டிவிட்டு வால்புர்கா இரண்டடிதான் நடந்திருப்பாள். பின்னால் சின்ன மணி ஒரு முறை ஒலித்தது.

திரும்பிப் பார்த்தாள். கயிறு கட்டியது கட்டியபடியே இருந்தது. ஆனால் கோபுரத்தின் உச்சியில் வெண்கலத்தின் ரீங்காரம் இன்னும் அடங்கவில்லை. கூடவே ஒரு வாசனை. ஆர்னிகா தைலம். அந்த ஊரில் அது ஒருத்தியின் கைகளில் மட்டும்தான் வீசும். அந்தக் கிரெசென்ஸைப் புதைத்து மூன்று வாரமாகிவிட்டது.

"யேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு வால்புர்கா வெளியே வந்தாள். மாலை மூவேளைச் செபத்துக்கு மணியடித்த பிறகு இப்படி நடப்பது அந்த வாரத்தில் நான்காவது தடவை.

ஓபர்மோஸ் மலையூர்க் கோவிலில் கோயில்பிள்ளை வேலை பேருக்கு உல்ரிச்சுடையதாக இருந்தது. மரம் சாய்ந்து இடுப்பு போன பிறகு அவன் பொழுதெல்லாம் மதுக்கடை அடுப்போரத்தில்தான். மணி அடித்தது, திரி ஏற்றியது, பூசை உடுப்புக்கு இஸ்திரி போட்டது, விடியுமுன் வாசலில் பனி தள்ளியது எல்லாம் அவன் மனைவி கிரெசென்ஸ். சம்பளம் அவன் பேரில் வந்தது. அவன் செத்த பிறகும் கோவிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை அவளை நியமிக்கவில்லை. "அவளே பாத்துக்கட்டும்" என்று விட்டுவிட்டது. மூட்டு வீங்கிய கைகளில் ஆர்னிகா தடவிக்கொண்டு அவளும் பார்த்துக்கொண்டாள்.

கடைசிக் காலத்தில் அவளுக்குக் கைகொடுத்தவள் வால்புர்கா. பள்ளத்தாக்கின் பால்பண்ணை மூடியதும் வேலை இழந்து, கோயில்பிள்ளை வீட்டு மாடியறைக்குக் குடிவந்தவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. இப்போது அந்த வேலையை முறையாகத் தன் பேரில் கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் வீட்டையும் காலிசெய்ய வேண்டும். வீடு வேலையோடு சேர்ந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் உடுப்பு அறைக்குள் பேரவைத் தலைவர் எங்கல்பெர்ட் வந்தார். ஊரின் ஒரே மதுக்கடை அவருடையது. பங்குச்சாமி காசிமிர் போலந்துக்காரர். அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா வால்புர்கா, என்ன வெளையாட்டு இது? தெனமும் சாயங்காலம் ஒத்த மணி! நேத்து என் கடையில பாதிப் பேரு தொப்பியக் கழட்டிட்டாங்க. கோயில்பிள்ளையே இல்லாத ஊர்ல எந்தக் கோயில்பிள்ளைடா செத்தான்னு ஒரே சிரிப்பு."

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஆண் செத்தால் பெரிய மணி மூன்று தடவை, பெண் செத்தால் இரண்டு தடவை. கோயில்பிள்ளை செத்தால் மட்டும் கடைசியில் சின்ன மணியும் ஒரே ஓர் அடி. தினமும் தன்னை அடித்த கைக்கு மணி விடைகொடுக்கிறதாம்.

"நான் அடிக்கலண்ணே."

"பின்ன யாரு, காத்தா?"

"கயிறு கட்டியிருக்கு. நான் வெளிய நிக்கிறேன். அது பாட்டுக்கு அடிக்குது."

எங்கல்பெர்ட் சாமியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சாமி? இன்ஸ்புருக் பட்டணத்துல பொம்பளைங்க கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா. பெண்ணியம் இப்ப பஸ் ஏறி மலைக்கே வந்திடுச்சு. வேலை கேட்டு மணியடிச்சு மறியல் பண்றா. ஏம்மா, நம்ம மாதா என்னைக்காவது இப்படி வாயத் தொறந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. வந்து நின்ன தூதர்கிட்டயே, இது எப்படி நடக்கும்னு கேட்டாங்க. கானா ஊர் கல்யாணத்துல திராட்சரசம் தீந்துபோச்சுன்னு மகன்கிட்ட போய்ச் சொன்னதும் அவங்கதான். அவங்க பேசாம இருந்திருந்தா அன்னைக்கு உங்க தொழில்தான்ணே படுத்திருக்கும்."

சாமி இருமிச் சிரிப்பை மறைத்தார். "எங்கல்பெர்ட், பூசை வைக்கத்தான் ஆண் வேணும்னு திருச்சபை சொல்லுது. பனி தள்ளுறதுக்குச் சொல்லல. ஒரே உழைப்புக்கு ஒரே கூலி, ஒரே மதிப்பு. இதையும் திருச்சபைதான் சொல்லுது."

"நானும் பூசை வைக்கக் கேக்கல சாமி. செய்யிற வேலைக்குப் பேரு கேக்கறேன்."

"என் மச்சான் கெப்ஹார்டுக்கு மூணு புள்ளைங்க" என்றார் எங்கல்பெர்ட்.

"அவரக் காலையில எழுப்பவே ஒருத்தர் மணியடிக்கணும்ணே."

எங்கல்பெர்ட்டின் முகம் சிவந்தது. ஆனால் அவர் வியாபாரி, நிதானமாகவே சொன்னார். "சரி. நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்துல நிக்கும். செபமணிக்கப்புறம் அந்த ஒத்த மணி கேக்காம இருந்தா வேலை உனக்கு. சாமி சாட்சி. கேட்டுச்சுன்னா கெப்ஹார்டுக்கு."

அவர் போனதும் வால்புர்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன பண்ணுவேன் சாமி? அதை அடிக்கிறது நான் இல்லையே."

சாமி அங்கியை மடித்து வைத்தார். மூக்கைச் சுருக்கி அறையை மோந்தார். "இங்க யாராவது தைலம் தடவியிருக்காங்களா?"

மறுநாள் மதியத்திலிருந்தே பனிமூட்டம். கல்லறைகளில் சிவப்புக் கண்ணாடி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வால்புர்கா தேவதாரு மாலையோடு உல்ரிச் கல்லறைக்குப் போனாள். கல்லில் பொன்னெழுத்து: "உல்ரிச், இக்கோவிலின் கோயில்பிள்ளை." அதன் கீழே புதிதாக வெட்டியிருந்தார்கள்: "அவர் மனைவி கிரெசென்ஸ்."

மாலையை வைத்து நிமிர்ந்தவள் அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள்.

உல்ரிச் செத்த அன்று பெரிய மணியை மூன்று தடவை அடித்தவள் கிரெசென்ஸ். கடைசியில் சின்ன மணியையும் அடித்தாள். வாழ்நாளில் பத்து முறைகூட அந்தக் கயிற்றைத் தொடாத கைக்கு, தொட்ட கையே விடைகொடுத்தது. கிரெசென்ஸ் செத்தபோது அடித்தது யார்? வால்புர்காவேதான். பெண் என்று இரண்டு தடவை. கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். எங்கல்பெர்ட் சொல்லவில்லை, பேரவை சொல்லவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

"அக்கா, நானா அதைச் செஞ்சேன்?" என்றாள் கல்லிடம். விளக்கின் சுடர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. காற்று இல்லை.

இருட்டத் தொடங்கியபோது ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. வால்புர்கா செபமணியை அடித்தாள். கயிற்றைக் கட்டினாள். கோபுரக் கதவை விரியத் திறந்து, எல்லாரும் பார்க்கும்படி வாசற்படியில் நின்றாள்.

அமைதி.

யாரும் இருமக்கூட இல்லை. மணி ஒலிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். ஒலிக்கவே இல்லை. எங்கல்பெர்ட் மூச்சுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, மனமில்லாமல் தலையாட்டினார். "சரிதான். வேலை உனக்கே."

அப்போதுதான் பின்னாலிருந்து அந்த வாசனை வந்தது. முன்பைவிட மிக அருகில். தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கி நிற்பது போல. வால்புர்கா திரும்பவில்லை. அவளுக்குப் புரிந்தது. உயிரோடு இருந்தபோது எப்போதும் செய்ததைத்தான் கிரெசென்ஸ் இப்போதும் செய்கிறாள். அடுத்தவருக்காக ஒதுங்கி நிற்கிறாள்.

சும்மா இருந்தால் போதும். வேலை, வீடு, பேர் எல்லாம் அவளுடையவை.

வால்புர்கா கோபுரத்துக்குள் போனாள். பெரிய மணியின் கயிற்றை அவிழ்த்தாள். மூன்று வாரங்களுக்கு முன் அடித்த இரண்டோடு, உல்ரிச்சுக்குக் கிடைத்த மூன்றாவதையும் அடித்தாள். அதன் கார்வை மலைகளில் மோதித் தேய்ந்ததும் சின்ன மணியை ஒரே முறை இழுத்தாள்.

வெளியே ஒருவர் பின் ஒருவராகத் தொப்பிகள் இறங்கின. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாசலில் எங்கல்பெர்ட் நின்றிருந்தார்.

"அப்ப நீதான்!"

"ஆமாண்ணே. இன்னைக்கு அடிச்சது நான்தான். நம்ம கோயில்பிள்ளை கிரெசென்ஸுக்கு."

"பேச்சு பேச்சுதான். சாவியக் குடு."

சாமி குறுக்கே வந்தார். "எங்கல்பெர்ட், பொறுங்க."

"நீங்கதானே சாமி சாட்சி!"

வால்புர்கா சாவியை அவர் கையில் வைத்தாள்.

விடிகாலையில் அவள் மாடியறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்கில் தூங்கியதால் உடம்பு லேசாக இருந்தது. படியில் தடதடவென்று காலடி. சாமி, அங்கியின் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார்.

"ஜன்னலத் திற."

திறந்தாள். எதிரே கோபுரம். கதவு வழியாகக் கெப்ஹார்ட் தெரிந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மேலே சின்ன மணி நன்றாகவே ஆடியது. நாக்கு வலமும் இடமும் மோதுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏதாவது கேக்குதா உனக்கு?" என்றார் சாமி, மெதுவாக.

காது கொடுத்துக் கேட்டாள். கூரையிலிருந்து பனி நீர் சொட்டும் சத்தம். யார் வீட்டிலோ மாடு கத்தியது. மணியிலிருந்து ஒன்றுமே இல்லை.

"கயித்துல ஏதாவது கோளாறா இருக்கும் சாமி."

"எங்கல்பெர்டும் இழுத்துப் பாத்தார். நானும் பாத்தேன். நீ வா. அவரே கூட்டிட்டு வரச் சொன்னார்."

வால்புர்கா பெட்டியின் மேல் வைத்திருந்த கைகளை எடுத்தாள். உள்ளங்கைகள் வழவழத்தன. முகத்தருகே கொண்டுபோனாள். அவள் ஒருநாளும் தைலம் தடவிக்கொண்டதில்லை.

கைகளைத் துடைக்காமலே படியிறங்கினாள்.