சதுரத்துக்கும் பயந்தவள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நல்லம்மாவைக் குளவி கொட்டியது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. முகம் பூசணிக்காயாக வீங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீக்கம் வற்றிவிட்டது, பயம் வற்றவில்லை. எங்கே எது இரைந்தாலும் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவாள். ஒருநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆட்களைப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது துரையின் மோட்டார் சைக்கிள் வந்தது. நல்லம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். புதிதாக வந்திருந்த துரை பதறி இறங்கி, பதிலுக்கு அவளைக் கும்பிட்டார்.

அதற்குமேல் பொறுக்காமல் புருஷன் கிருஷ்ணராஜ் அவளைப் பதுளைக்கு, மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டாக்டர் தயானி யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கொழும்பில ஒரு ஆராய்ச்சி நடக்குது. மனுசர் பயத்தைப் பழகேக்க மூளையில எந்த இடம் வேலை செய்யுது எண்டு படம் எடுத்துப் பாக்கிறம். உங்களை மாதிரி ஆக்களும் வேணும், பதட்டம் இல்லாத ஆக்களும் வேணும்."

கிருஷ்ணராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "இல்லாத ஆளு நான் இருக்கேன் டாக்டரம்மா. எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

டாக்டர் ஒரு படிவத்தை எடுத்தார். "வீட்டைப் பூட்டினால் திரும்பிப் போய்ப் பாப்பீங்களோ?"

"பாக்காம? ஏழெட்டுத் தடவ இழுத்துப் பாப்பேன். பத்துக்கு மேல போகாது."

"அடுப்பு?"

"தண்ணி ஊத்திட்டுத்தான் கெளம்புவோம். அப்பறம் சாம்பலத் தொட்டுப் பாப்பேன். இன்னிக்கு மொத பஸ்ஸ விட்டதே அதுனாலதான்."

டாக்டரின் பேனா நின்றது. நல்லம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆம்பிளைகள் எல்லாருமே இப்படித்தான் என்று பதினாறு வருஷமாக நினைத்திருந்தாள்.

"நீங்களும் ஒரு கிளினிக் கொப்பி போடுங்கோ, உங்களுக்கும் வைத்தியம் வேணும்," என்றார் டாக்டர் மெதுவாக.

வீடு வந்து சேரும்வரை நல்லம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குளவி கொட்டியபிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொழும்புக்குத் துணையாக மட்டும் வந்தான் கிருஷ்ணராஜ். மூக்குத்தியைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு அவள் மூளையைப் படம் எடுக்கும் பெரிய குழாய்க்குள் படுத்தாள். வெளியே அவன் மூக்குத்தி போட்ட சட்டைப் பையைத் தடவித் தடவியே ஒரு மணி நேரத்தைக் கழித்தான்.

உள்ளே ஒரே தடதடப்பு. தேயிலை ஃபெக்டரிக்குள் படுத்திருப்பதுபோல இருந்தது. கண்ணுக்கு மேலே ஒரு மஞ்சள் வட்டம் வரும். சில தடவை கூடவே மணிக்கட்டில் சுருக்கென்று கரண்ட் பாயும். அடுத்து நீலச் சதுரம் வரும். அதற்கு ஒன்றும் நடக்காது. விரலில் மாட்டியிருந்த கருவி அவளுடைய வியர்வையை அளந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் தயானி கேட்டார்: "வட்டத்துக்கு எல்லாரும்தான் பயப்பிடுவினம். நீங்கள் சதுரத்துக்கும் வேர்த்திருக்கிறீங்கள். அதுக்கு ஒருக்காவும் ஷொக் வரேல்லையே?"

"இது வரைக்கும் வரல. இனிமேயும் வராதுன்னு அந்தச் சதுரம் எழுதிக் குடுத்துச்சாங்க?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வருஷமாப் படம் எடுக்கிறம். நீங்கள் ஒரு வசனத்தில சொல்லிப்போட்டியள்." பிறகு சொன்னார்: "பழகின பயத்தை அழிக்கேலாது, நல்லம்மா. ஆனா, ஒண்டும் நடக்காது எண்டதையும் மூளைக்குப் பழக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா."

பழக்கம் வீட்டில் ஆரம்பமானது. சாயங்காலம் பத்து நிமிஷம் கிருஷ்ணராஜ் குளவிபோல ரீங்காரமிடுவான், நல்லம்மா படுக்கக்கூடாது. பிறகு அவன் கதவை ஒரே ஒரு தடவை பூட்ட, சாவியை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். இருவரும் ரோடுவரை நடந்து வருவார்கள். வழியெல்லாம் அவன் முனகுவான். கிருஷ்ணராஜுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று பக்கத்துக் காம்பரா வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மேட்டில் புல்வெட்டும் இயந்திரம் இரைந்தது. தலையை மூடப் போன கையை நல்லம்மா பாதியில் இறக்கிக்கொண்டாள். மெல்லக் குந்தினாள், கண்ணை மூடி மூச்சு விட்டாள். அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கங்காணி பொன்னையா எட்டிப் பார்த்தார். "என்ன நல்லம்மா, படுக்கலையா?"

"இல்லீங்க," என்றாள். "இன்னிக்கு உக்காந்தாலே போதுமா இருக்கு."