அந்த மாதம் மழை இல்லை

முன்னுரையின் நான்காம் பக்கத்தில் இருந்தது அந்த வாக்கியம். பென்சில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார். மாறவில்லை. "இக்கவிதைக்கு அனுமதி முத்திரை குத்திய அலுவலருக்கு, ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே மழை பெய்கிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மந்தபுத்தியும் சில சமயம் இலக்கியத்துக்குத் தொண்டு செய்கிறது."

புத்தகத்தை மூடினார். எழுந்து சமையலறை வரை போனார், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினார், பால்கனிக் கதவைத் திறந்து மூடினார். மூன்றாம் தடவை அவர் குறுக்கே வந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, காலையிலேருந்து கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்துறீங்க?"

"நான் பாத்தேன்."

"எதை?"

"ஜன்னலை. திரும்பிப் பாத்தேன். மழை இல்ல."

மனைவி வெளியே பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "இன்னிக்கு எங்க மழை" என்றாள். அவர் இன்றைய கதையைப் பேசவில்லை என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அந்த டீச்சரா" என்று மட்டும் கேட்டாள்.

அந்த டீச்சர்தான். அவருடைய கவிதைத் தொகுப்பு அது.

பதினாறு வருடங்களுக்கு முன்வரை, நாட்டில் எது அச்சாவதானாலும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் ஏழு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வாசிப்பு அலுவலர், ஒரு சிவப்புப் பென்சில், ஒரு ரப்பர் முத்திரை. ஆகாத வரியை அடிக்க வேண்டும், மிச்சத்துக்கு முத்திரை குத்த வேண்டும். மற்றவர்கள் பேனாவுக்கு மாறிய பிறகும் இவர் மட்டும் பென்சிலைச் சீவிச் சீவி வைத்துக்கொண்டதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உறவுக்காரர்களிடம் "அச்சு சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

டீச்சரின் கவிதைகள் செவ்வாய்க்கிழமைகளில் வரும். டீச்சரின் அண்ணன் நடத்திய சின்ன இதழ் அது, முப்பத்திரண்டு பக்கம், மட்டமான தாள். ஆரம்பத்தில் வந்தவை நீளமான கவிதைகள். யார், எங்கே, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பவை. பென்சில்காரர் அடித்தார். இருபது வரியில் பதினான்கு போகும். அந்த இதழ் ஒரு காரியம் செய்தது: அடித்த இடத்தை வேறெதையும் போட்டு நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டு அச்சிட்டது. மேலிடத்துக்கு அதில் எரிச்சல்தான். ஆனால் வெற்றிடத்தை அச்சிடக் கூடாது என்று சட்டத்தில் எழுத மறந்திருந்தார்கள்.

வருடம் போகப் போகக் கவிதைகள் சுருங்கின. பெயர்கள் போயின, தேதிகள் போயின. 'காணவில்லை' என்று எழுதும் இடத்தில் ஒரு நாற்காலி வந்தது, ஒரு துவைக்காத சட்டை வந்தது. எதை அடிப்பது என்று பென்சில்காரர் தாளைக் கண்ணருகே வைத்துத் தேட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலைகளில் தாம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவதை ஒருநாள் அவரே கவனித்துவிட்டு, வெட்கப்பட்டு, மெதுவாக ஏறினார். அடித்த வரிகள் அவருக்குள் தங்கிப்போயின. குளிக்கும்போது வாயில் வரும். தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிடுவார்.

கடைசியாக வந்தது 'மழை விடுமுறை'.

இன்று மழை.
பதினொரு பேர் வரவில்லை.
பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு
என் குரல் நனைந்துவிட்டது.
வந்தவர்கள் யாரும்
வராதவர்களின் இடத்தில் பை வைக்கவில்லை.
நாளைக்கும் மழை என்கிறார்கள்.

பென்சில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடத்தின் மேல் தூசி படர்ந்திருந்தது. நான்கு மாதமாக ஒரு சொட்டு விழவில்லை. டீச்சரின் பள்ளிக்கூடம் இருந்த பகுதியில் முந்தின வாரம் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரியும். பென்சிலை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். கை நடுங்கியதில் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

மூன்றாம் வாரம் அவரைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். இதழ் நின்றுபோனதாகக் காதில் விழுந்தது. மேற்கொண்டு யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் செய்த மனிதனைப் பார்த்து மந்தபுத்தி என்றால் எப்படி இருக்கும்?

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசி, வாசகன் என்று சொல்லி விலாசம் வாங்கினார்.

"போய் என்னன்னு சொல்லுவீங்க? நாந்தான் வெட்டினவன்னா?" என்றாள் மனைவி.

"வெட்டாததைச் சொல்லப் போறேன்."

"அதுக்கு அவங்க உங்களுக்கு மாலை போடணுமாக்கும்."

அவர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டதிலேயே பதில் இருந்தது.

பேருந்தில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனார். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டு, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே முதல் மாடி. கீழேயிருந்து அறுக்கும் கிரீச்சொலி பல்லைக் கூசவைத்தது. கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். உள்ளே ஜன்னலோரம் ஒரு முதியவர் செய்தித்தாளை முகத்தருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாசகர்னு பதிப்பகத்துல சொன்னாங்க. உக்காருங்க. எங்க அண்ணன். வலது காது கேக்காது, இடது பக்கமா பேசினா போதும்."

பென்சில்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் ஓடிப்போயிருந்தது. "நான் படிச்சேன்" என்றார். "எல்லாத்தையும். அச்சாகறதுக்கு முன்னாடி."

டீச்சருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த ஆஃபீஸா?"

"ரெண்டாம் மாடி. முன்னுரையில எழுதியிருக்கு, நான் ஜன்னலைப் பாக்கலைன்னு. பாத்தேம்மா. மழை இல்லைன்னு தெரியும். தெரிஞ்சேதான் முத்திரை குத்தினேன்."

சொல்லி முடித்ததும் மூச்சு லேசானது. இப்போது அந்த முகத்தில் என்னவெல்லாம் வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"தெரிஞ்சேவா?" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சேதான்."

"நீங்க வெட்டிடுவீங்கன்னு நம்பித்தானே நான் அதை அனுப்பினேன்."

கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. டீச்சர் குரலை உயர்த்தவில்லை; வகுப்பில் கணக்கு விளக்குகிறவர் மாதிரிச் சொன்னார். "ஒன்பது வருஷத்துல உங்க கை எனக்கு அத்துப்படி. பேர் தெரியாது, முகம் தெரியாது, எங்க கை வைப்பீங்கன்னு மட்டும் தெரியும். ஏழு வரியும் போகும், பக்கம் வெள்ளையா வரும், தலைப்பு மட்டும் நிக்கும். 'மழை விடுமுறை', கீழ ஒண்ணுமில்ல. படிக்கிறவங்களுக்கு அது போதும். எங்க மேலயும் குத்தம் சொல்ல முடியாது, நீங்கதான் வெட்டியாச்சே. அப்படித்தான் நானும் அண்ணனும் பேசி வச்சோம். வந்து பாத்தா முழுசா முத்திரை."

"அப்ப நீங்க போடாம விட்டிருக்கலாமே."

"நான் வேணாம்னேன். அண்ணன் கேக்கல. அனுமதி இருக்குல்ல, போடுவோம்னார். புதன்கிழமை இதழ் வந்துச்சு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போனாங்க. பதினாலு மாசம். அந்தக் காது அங்கதான் போச்சு."

பென்சில்காரர் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தார்.

"யாரும்மா?" என்றார் அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

டீச்சர் இடது பக்கமாகக் குனிந்து சொன்னார். அண்ணன் தாளை மடித்து முழங்காலில் வைத்தார். வந்தவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"முத்திரை கோணலா இருந்துச்சு" என்றார். "ஏதோ ஆள் தூக்கத்துல குத்திட்டான்னு நெனச்சேன்."

"கை நடுங்கிடுச்சு" என்றார் பென்சில்காரர்.

"அது ஒண்ணுதான் வெட்டுப்படாம வந்த இதழ். இருந்த பிரதி எல்லாம் ரெண்டே நாள்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் கையால எழுதிக் குடுத்துக்கிட்டாங்களாம்."

"காது போனதையும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"ஒரு காது இருக்கே."

அண்ணனும் தங்கையும் பலமுறை நடந்த சண்டையின் நடுவே நிற்பது தெரிந்தது. பென்சில்காரருக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலவும், ஓடினால் இனி எங்கேயும் உட்கார முடியாது போலவும் இருந்தது. ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கையில் ஒன்றுமில்லை.

"சோதனை போட்டப்ப நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு புத்தகத்துல போட்டிருந்தீங்க" என்றார். "அடிச்ச வரியெல்லாம் திரும்பக் கிடைக்காதுன்னு."

"கிடைக்கல. வெள்ளையாவே விட்டிருக்கேன்."

"எனக்கு மனப்பாடம்."

டீச்சர் உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவந்து மேஜையில் வைத்து உட்கார்ந்தார். "சொல்லுங்க."

சொன்னார். முதல் வருடத்திலிருந்து. 'கதவு' என்ற கவிதையில் போன மூன்று வரிகள்: தட்டுகிறவன் கையில் ஒரு காகிதம்; அதில் என் பெயர்; எழுத்துப்பிழையோடு. டீச்சரின் பேனா வேகமாக ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேனாவை விடாமல், இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு இடத்தில் பேனா நின்றது.

"'விம்மிய தெரு'வா? விம்மினதுன்னு எல்லாம் நான் எழுத மாட்டேன்."

"அப்படித்தான் இருந்துச்சு."

"இருக்காது. அது உங்க சொல்லு. இத்தனை வருஷம் உள்ள வச்சிருந்து நீங்களே வளத்துட்டீங்க."

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். தெரு என்ன செய்தது? விம்மியதா, வெறுமனே இருந்ததா? முன்பெல்லாம் திடமாக இருந்தது, இப்போது கால் வைத்தால் நழுவியது. "தெரியலம்மா" என்றார். டீச்சர் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

இன்னொன்றில் "சுதந்திரமே நீ எங்கே சென்றாய்" என்று அவர் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார்.

"இது நான்தான் எழுதினேன்" என்றார் டீச்சர். "இதை வெட்டினது சரிதான். ரொம்பப் பெருமைப்படாதீங்க. நீங்க வெட்டின காரணம் வேற."

நாற்பத்தோரு வரிகள் தேறின. விளக்கு போடும் நேரம் ஆகிவிட்டது. நோட்டை மூடிவிட்டு டீச்சர் கேட்டார்: "அடுத்த பதிப்புல இதெல்லாம் போடுவேன். எப்படிக் கிடைச்சதுன்னும் எழுதணும். மழை விஷயத்தையும் எழுதணும், மந்தபுத்தின்னு போட்டது தப்பு. உங்க பேரோட எழுதட்டுமா?"

தப்பு என்று டீச்சர் வாயால் வந்துவிட்டது. அதற்காகத்தான் வந்தார். ஆனாலும் பேர் என்றதும் எழுந்துவிட்டார். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. நான் நன்றின்னு எழுதப் போறதில்ல. நடந்ததை எழுதுவேன்."

மாடிப்படி வரை கூட வந்தவர் அண்ணன்தான். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து இரண்டு படி இறக்கிவிட்டார். அந்தப் பிடி அன்பா அல்லது கிழவனுக்குக் கிழவன் செய்யும் உதவியா என்று பென்சில்காரருக்குப் பிடிபடவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "என்கிட்ட ஏன் கேக்கறீங்க? எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "தெரியாதவ ஒருத்தி இருக்கா, அவகிட்ட கேளுங்க."

மகளுக்கு முப்பத்தாறு வயது. கண் மருத்துவமனையில் வேலை. அப்பா அச்சகத்தில் கணக்கு பார்த்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். தொலைபேசியில் அவர் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டாள். அந்த மூன்று நாளும் அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேராகப் புத்தகத்தைத்தான் கேட்டாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மதியம் வரை படித்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள். பிறகு தலையைத் தூக்காமலே, பக்கத்து இடத்தைத் தட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார்.

"இந்த வெள்ளை எல்லாம் நீங்களாப்பா?"

"எல்லாம் இல்ல. நெறைய."

"இதுல என்ன இருந்துச்சு?"

சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, "ஏன் அடிச்சீங்க?" என்றாள். ஒரு அதிகாரியின் பெயர் மறைமுகமாக வருகிறது என்றார். அடுத்த பக்கம். இதில்? சொன்னார். இது ஏன்? ஊரடங்கு பற்றி எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை. அடுத்தது. அது ஒரே ஒரு வரி, துவைக்காத சட்டையின் காலரைப் பற்றியது. அதை அவர் சொன்னபோது அவள் அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவினாள்.

"இது ஏன்பா?"

யோசித்தார். வரியின் ஒவ்வொரு எழுத்தும் கண்முன் நின்றது; காரணம் மட்டும் வரவில்லை.

"தெரியலம்மா. அன்னிக்கு அடிச்சேன்."

மகள் பக்கத்தைத் திருப்பவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.