பிரிண்டர்காரரின் ரகசியக் கல்யாணம்

பொய் சொல்லி அடுத்தவர் கட்டடத்துக்குள் நுழைவதுதான் அவருடைய பிழைப்பு. திருடுவதற்கு அல்ல, திருட வருகிறவன் எவ்வளவு சுலபமாக நுழைந்துவிடுவான் என்று காட்டுவதற்கு. கம்பெனி முதலாளிகளே அவரைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்து, எங்கள் ஆட்கள் எவ்வளவு உஷாராக இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். அவர் குழாய் ரிப்பேர் செய்பவராகவோ, தீயணைக்கும் சிலிண்டரைச் சோதிப்பவராகவோ உள்ளே போவார். பூட்டாமல் விட்ட கம்ப்யூட்டர் திரைகளைப் படம் எடுப்பார், மேசையில் ஒட்டி வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொள்வார், வெளியே வந்து அறிக்கை எழுதிக் கொடுப்பார். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். அவருடைய மனைவிக்கு மட்டும் இதில் பெருமை கிடையாது. கறிகாய் வாங்கப் போய்ப் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும், ஏன் என்று ஒருமுறை கேட்பாள், நிஜமாகவா என்று இன்னொரு முறை கேட்பாள்.

அன்று அவர் போனது மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கும் கம்பெனிக்கு. ஊரில் பாதிப் பேருடைய கண் பவரும் வீட்டு முகவரியும் பிறந்த தேதியும் அதன் கம்ப்யூட்டரில்தான் கிடந்தன. போன மாதம்தான் ஊழியர்கள் எல்லாருக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருந்தது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் எழுபத்திரண்டு பக்கத்துக்குப் பாடம் எழுதி, பரீட்சையும் வைத்திருந்தார். அத்தனை பேரும் தொண்ணூறுக்கு மேல் வாங்கித் தள்ளிவிட்டார்கள், ஒரே ஒருவரைத் தவிர. ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கியிருந்தார். பாடத்தில் முக்கால்வாசியை அவர் திறக்கவே இல்லை என்றும், திறந்த நேரத்திலும் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார் என்றும் குறிப்பு இருந்தது.

இந்தப் பட்டியலை முதலாளி முன்கூட்டியே காட்டியிருந்தார். முப்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததுமே நம் ஆளுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி ஆகிவிட்டது. கம்பெனியின் முக்கியமான கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறையின் சாவி ஸ்டோர் ரூம் சுவரில்தான் தொங்குகிறது. அந்த அம்மாளிடம் இரண்டு வார்த்தை இனிக்கப் பேசினால் சாவியே கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

பிரிண்டர் ரிப்பேர்காரர் வேஷம். நீலச் சட்டை, தோளில் பை, இரண்டு கையிலும் மை டப்பா அடைத்த அட்டைப் பெட்டிகள். வாசல் காவலர் பெட்டிகளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. கார்டு காட்டினால்தான் திறக்கும் கதவருகே, காதில் போனோடு வந்த விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், பாவம் கை நிறையச் சுமை என்று காலாலேயே கதவைப் பிடித்து நிறுத்தி, முதலில் போங்க என்று கண்ணைக் காட்டினார். மேலே, 'எழுந்தால் திரையைப் பூட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதிய போஸ்டருக்கு நேர்கீழே ஒரு திரை திறந்தே கிடந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் காகிதத்தில் பாஸ்வேர்டு வேறு. பன்னிரண்டு நிமிடத்தில் பதினான்கு படம் தேறியது. இனி சாவிதான் பாக்கி.

ஸ்டோர் ரூமில் அக்கா ஏணிமேல் நின்று காகிதக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆபீசில் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர் இருப்பது பட்டியலில் போடாத விஷயம்.

பிரிண்டர் பார்க்க வந்ததாகவும், கம்ப்யூட்டர் அறையிலும் ஒன்று மக்கர் செய்கிறதாம், சாவி வேண்டும் என்றும் அவர் சொன்னார். அக்கா ஏணியிலிருந்து இறங்கி, முதலில் பெட்டிகளைக் கீழே வைக்கச் சொன்னார், அப்புறம் உட்காரச் சொன்னார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"எப்பவும் வர்ற தம்பி எங்க?"

"லீவுல இருக்கார் மேடம்."

"உடம்புக்கு எதுவும் இல்லையே?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவர் கையில் தயாராக ஒரு பதில் உண்டு. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அவருக்கு ஒண்ணுமில்ல. அவங்க அப்பாவுக்குத்தான் முடியல, ஆஸ்பத்திரியில இருக்கார்" என்றார். பொதுவாக இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அக்காவின் புருவம் சுருங்கியது. "அவங்க அப்பா போன வருஷமே தவறிட்டாரே. நான் போய் துக்கம் விசாரிச்சுட்டு வந்தேனே."

"மாமனாரைச் சொன்னேன் மேடம். அவர் அப்பான்னுதான் கூப்பிடுவார்."

சொன்ன வேகத்தில், சமாளித்துவிட்டோம் என்று அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். ஆனால் அக்காவின் முகத்தில் சந்தேகம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. மனத்தாங்கல்.

"மாமனாரா? அப்போ கல்யாணம் ஆயிடுச்சா?"

நம் ஆள் ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்.

"வாரத்துக்கு ஒரு தடவை இதே நாற்காலியில உக்காந்து, எனக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு புலம்பும். நானும் நாலு இடத்துல சொல்லி வெச்சிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிச்சா?" என்றபடி அக்கா மேசைமேல் இருந்த போனை எடுத்தார். வேண்டாம் மேடம், ஆஸ்பத்திரியில் இருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவர் கெஞ்சியது காற்றோடு போயிற்று. போன் அடித்தது. எடுத்ததுமே அக்கா பொரிந்து தள்ளினார். சாப்பாடு கிடைக்காத வருத்தம் இல்லை என்றும், தகவல்கூடச் சொல்லாத அளவுக்கு நான் என்ன வேற்று ஆளா என்றும் கேட்டார்.  பிறகு ஸ்பீக்கரில் ஒரு குரல் மிகவும் ஆவலாகக் கேட்டது:

"அக்கா, எனக்குக் கல்யாணமா? பொண்ணு யாரு?"

அக்கா போனைப் பார்த்தார். எதிரில் இருந்தவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருடச் சாயம் ஒரே கணத்தில் வெளுத்துவிட்டது.

சத்தம் போடுவார், காவலரைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார். அக்கா அப்படியெல்லாம் செய்யவில்லை. பையை வாங்கி எட்டாத மேல் தட்டில் வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போய்க் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் அவர் சட்டைப்பையிலிருந்து முதலாளியின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து யார் வேணாலும் போடலாம்."

"சரி, அதுல ஒரு நம்பர் இருக்கு பாருங்க. போன் பண்ணிக் கேளுங்க."

"நீங்க குடுத்த நம்பர்ல நீங்க சொல்லி வெச்ச ஆளுதானே பேசுவாரு?"

 அவரே ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிற விஷயம் அது. கம்பெனியின் பாடத்திலும் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அக்கா பதினெட்டாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

அக்கா தன்னிடமிருந்த எண்ணில் முதலாளியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டார். பல் டாக்டரிடம் போயிருக்கிறார், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று முதலாளியின் மனைவி சொன்னார். எந்தப் பக்கத்துப் பல், ரொம்ப வலியா, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாரா என்பதையும் கேட்டுக்கொண்டுதான் அக்கா போனை வைத்தார்.

அந்த ஒன்றரை மணி நேரம் அவரால் மறக்க முடியாதது. பிறர் வாயைப் பிடுங்கியே வாழ்ந்தவர், தன் வாயைத் தானாகத் திறந்துவிட்டார். எத்தனை பேர் கூடப்பிறந்தது, மனைவி எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பெரியவளுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாமியாரிடம் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருப்பதையும் சொன்னார். வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொடர்ந்து இவ்வளவு நேரம் உண்மை பேசியது அவருக்கே புதிதாக இருந்தது. நடுவில் அக்கா டீ வரவழைத்தார். குடித்துக்கொண்டே, உள்ளே எப்படி வந்தீங்க என்று கேட்டார். கதவைப் பிடித்த விற்பனைப் பிரிவுக்காரரின் கதையை அவர் சொன்னார்.

"அவர் பேரை எழுதிக் குடுத்துடுவீங்களா?"

"எழுதணுமே அக்கா. அதுதானே வேலை." மேடம் எப்போது அக்காவானது என்று அவருக்கே தெரியவில்லை.

"உங்க ரெண்டு கையிலயும் பெட்டி. கதவை உங்க மூஞ்சியில சாத்தியிருக்கணுமா அந்த மனுஷன்? பெட்டியை எறக்கி வெக்க அங்க ஒரு மேசை இருந்தா, நில்லுங்க, கார்டைக் காட்டுங்கன்னு சொல்லியிருப்பாரு."

அவர் டீயைக் குடித்தார்.

ஒருவழியாக முதலாளி வந்து சேர்ந்தார். பாதி முகம் மரத்துப்போய், கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. நம்ம ஆள்தான் என்று அவர் சொன்னது யார் காதிலும் அப்படி விழவில்லை. எழுதிக் காட்டுங்க சார் என்று அக்கா காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். எழுதினார். கீழே போட்ட கையெழுத்தைக் கடிதத்தில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முக்காலி நகர்ந்தது.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு இரண்டு இடத்தில் பேனா நின்றது. முதலாவது, உள்ளே விட்டவர்களின் பெயர்கள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். அதற்குப் பதில், கதவருகே சுமையை இறக்கி வைக்க ஒரு மேசை போட வேண்டும், கதவும் இன்னும் வேகமாக மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். இரண்டாவது, 'எந்தப் பாதுகாப்பு முறையால் பிடிபட்டீர்கள்' என்ற கட்டம். வெகுநேரம் யோசித்து, 'பிரிண்டர்காரரின் நலம் விசாரித்ததால்' என்று எழுதினார். அப்படி ஒரு முறை பட்டியலிலேயே இல்லை என்று கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் அதைத் திருப்பி அனுப்பினார். இவர் மாற்றவில்லை.

பிறகு நடந்த ஊழியர்கள் கூட்டத்தில் அவர் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார்கள். போஸ்டருக்குக் கீழே திறந்து கிடந்த கம்ப்யூட்டரின் படம் வந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர்தான். பாதிச் சிரிப்பில், படத்தில் இருந்த பச்சைக் கோப்பை தன்னுடையது என்று தெரிந்துவிட்டது. அதன்பின் கூட்டம் முடியும்வரை அவர் எதையோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்து பிடித்தீர்கள் என்று அக்காவை எழுப்பிக் கேட்டார்கள். நான் எங்கே பிடித்தேன், கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லையே என்று கோபம் வந்தது, அவ்வளவுதான் என்றார். நிர்வாகம் விடுமா? வருகிறவர்களிடம் கேட்க இருபத்தாறு கேள்விகளோடு ஒரு படிவம் அச்சடித்தார்கள். வழக்கமாக வருபவரின் தந்தை உயிருடன் உள்ளாரா என்பது பதினேழாவது கேள்வி. அக்கா அந்தக் கட்டைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிவிட்டார். காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் மூஞ்சியை எப்போது பார்ப்பது என்று கேட்டாராம். கதவருகே மேசை மட்டும் உடனே வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவருக்கு வேறொரு கட்டடம், இதைவிடப் பெரியது, வாசலெல்லாம் கண்ணாடி. இந்த முறை ஏசி மெக்கானிக். எப்பவும் வருகிறவர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். அப்பா, மாமனார் யாரையும் இழுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பும்போது வரவேற்பு மேசையில் வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார். வேலை முடிந்ததா என்றாவது கேட்பார்களோ என்று பார்த்தார். மேசைக்காரம்மா தலையை நிமிர்த்தாமல் டப்பாவைக் காட்டினார். அட்டையை அதில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.